எடைப் பயிற்சி: உடற்பயிற்சிக் கூடத்தில் முதல் மூன்று மாதங்கள்

எடைப் பயிற்சி என்பது, தசைகள் ஏதேனும் ஒரு பாரத்தை எதிர்த்து வேலை செய்யும்படி அமைக்கப்பட்ட உடற்பயிற்சி ஆகும். அந்தப் பாரம் இரும்புத் தட்டாக இருக்கலாம், ரப்பர் பட்டையாக இருக்கலாம், நம் சொந்த உடலின் எடையாகவும் இருக்கலாம். தண்டால், பஸ்கி, கர்லாக்கட்டை சுற்றுதல் ஆகியவையும் இந்த வகையைச் சேர்ந்தவையே. எனவே ‘ஜிம்’ என்ற சொல் நம் ஊருக்குப் புதிதாக இருக்கலாம், பயிற்சி புதிதல்ல. இதை ஒழுங்கான கல்வியாகக் கற்பிக்கும் முயற்சியும் இங்கே நூறாண்டு பழையது. சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியை ஹாரி குரோ பக் 1920-ஆம் ஆண்டிலேயே தொடங்கிவிட்டார்.

உடற்பயிற்சிக் கூடத்தில் புதிதாகச் சேரும் கல்லூரி மாணவர்களையும், நாற்பது வயதுக்கு மேல் முதன்முறையாக எடை தூக்கத் தொடங்குபவர்களையும் மனத்தில் கொண்டு இக்கட்டுரை எழுதப்பட்டுள்ளது. பலர் ஓராண்டுக் கட்டணத்தை மொத்தமாகக் கட்டிவிட்டு இரண்டு மாதத்தில் நின்றுவிடுகிறார்கள். சோம்பல் மட்டுமே இதற்குக் காரணமல்ல. முதல் வாரத்திலேயே அளவுக்கு மீறிச் செய்து, உடல் முழுதும் வலி எடுத்து, பயந்து நின்றவர்களும் அவர்களில் உண்டு.

தசைக்குள் நடப்பது

புதிதாகத் தொடங்குபவர் மூன்று நான்கு வாரங்களில், முன்பு தூக்க முடியாத எடையைத் தூக்கிவிடுவார். ஆனால் கண்ணாடியில் பார்த்தால் புயம் அப்படியே இருக்கும். இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. தொடக்கத்தில் கூடும் வலிமையின் பெரும்பகுதி நரம்பு மண்டலத்திலிருந்து வருகிறது. ஒரு தசையில் உள்ள இழைகள் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் வேலைக்கு அழைக்க மூளை கற்றுக்கொள்கிறது. மிதிவண்டி ஓட்டப் பழகுவதைப் போன்றது இது. தசை இழைகள் தடிமனாவது கண்ணுக்குத் தெரிய பொதுவாக இரண்டு மாதமாவது ஆகும். பயிற்சியால் ஒவ்வோர் இழையும் பருக்கிறது. இழைகளின் எண்ணிக்கை குறிப்பிடத்தக்க அளவில் கூடுவதில்லை.

இதில் கவனிக்க வேண்டிய இன்னொன்று உண்டு. தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண்களுக்கு இரத்த ஓட்டம் குறைவு. அவை தசையைவிட மெதுவாகத்தான் உறுதியடைகின்றன. தசை ‘முடியும்’ என்று சொல்லும் எடையைத் தசைநாண் தாங்கத் தயாராகாத காலம் ஒன்று இருக்கிறது. முழங்கை, தோள்பட்டை, முழங்கால் வலிகள் பல இந்தக் காலத்தில்தான் வருகின்றன. முதல் மூன்று மாதங்களில் பொறுமை வேண்டும் என்று சொல்வதற்கு உடற்கூறு சார்ந்த காரணம் இதுவே.

சிறிது சிறிதாகப் பாரம் ஏற்றுதல்

பழங்காலக் கிரேக்க மல்லர் கிரோட்டன் நகரத்து மைலோவைப் பற்றி ஒரு கதை வழங்குகிறது. அவர் ஒரு கன்றுக்குட்டியை நாள்தோறும் தோளில் தூக்கி நடந்தாராம். கன்று வளர வளர அவர் வலிமையும் வளர்ந்து, கடைசியில் முழு வளர்ச்சியடைந்த காளையையே தூக்கினாராம். கதை மிகைதான், ஆனால் அதில் உள்ள கொள்கை சரியானது. உடல் தான் பழகிய வேலைக்கு மேல் சற்றே கூடுதலான வேலை தரப்பட்டால்தான் மாறுகிறது. ஓராண்டு முழுவதும் அதே 5 கிலோ டம்பெல்லைத் தூக்குபவர் முதல் சில வாரங்களுக்குப் பிறகு இருப்பதைக் காத்துக்கொள்கிறாரே தவிர வளரவில்லை.

இந்தக் கொள்கைக்கு மருத்துவ வடிவம் கொடுத்தவர்களில் முக்கியமானவர் தாமஸ் டிலார்ம் என்ற அமெரிக்க இராணுவ மருத்துவர். இரண்டாம் உலகப்போரில் காயமடைந்த வீரர்களுக்கு அவர் சிகிச்சை அளித்தார். காயமுற்ற காலுக்கு இலேசான எடையைப் பல முறை தூக்கவைப்பதே அன்றைய வழக்கம். டிலார்ம் அதற்கு மாறாகக் கனமான எடையைக் குறைந்த முறைகள் தூக்கவைத்தார். வீரர்கள் விரைவாகத் தேறினார்கள். இம்முறையை அவர் 1945-இல் வெளியிட்டார். தொடக்கத்தில் அதிகச் சுற்றுகள் கொடுத்தவர், பிறகு மூன்று சுற்று, சுற்றுக்குப் பத்து முறை போதும் என்று குறைத்துக்கொண்டார். இன்று உடற்பயிற்சிக் கூடத்துச் சுவர்களில் ஒட்டியிருக்கும் ‘3 செட், 10 முறை’ என்ற அட்டவணையின் வேர் அங்கே இருக்கிறது.

நடைமுறையில் இதைச் செய்ய எளிய வழி ஒன்று உண்டு. 8 முறை முதல் 12 முறை வரை என்று ஒரு வரம்பு வைத்துக்கொள்ளுங்கள். 20 கிலோ எடையில் தொடங்கினால், முதல் நாள் மூன்று செட்டிலும் எட்டெட்டு முறைதான் ஒழுங்காக வரும். எடையை மாற்றாமல் ஒவ்வொரு முறை செல்லும்போதும் ஒன்றிரண்டைக் கூட்டுங்கள். மூன்று செட்டிலும் 12 வந்த பிறகு பக்கத்துக்கு 1.25 கிலோ தட்டு ஒன்றைச் சேர்த்து 22.5 கிலோவாக்கி, மறுபடியும் எட்டிலிருந்து தொடங்குங்கள். ஒவ்வொரு செட்டையும் ‘இன்னும் இரண்டு முறை செய்யலாம்’ என்ற நிலையில் நிறுத்திவிட வேண்டும். கை நடுங்கி, உடல் கோணி, பக்கத்தில் நிற்பவர் கத்தி உற்சாகப்படுத்தித் தூக்கும் கடைசி ஒன்று புதியவருக்குத் தேவையே இல்லை.

ஒரு சிறு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொண்டு தேதி, பயிற்சி, எடை, முறை ஆகிய நான்கையும் எழுதுவது நல்லது. போன வாரம் என்ன தூக்கினோம் என்பது நினைவில் நிற்காது. நினைவில் நிற்பதாகத் தோன்றுவது பெரும்பாலும் இரண்டு கிலோ கூடுதலாகவே இருக்கும்.

சேர்வதற்கு முன்

உயர் இரத்த அழுத்தம், இதய நோய், நீரிழிவு, குடலிறக்கம், அண்மையில் நடந்த அறுவை சிகிச்சை, கருத்தரிப்பு ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால் மருத்துவரைக் கேட்ட பிறகே தொடங்க வேண்டும். குடும்பத்தில் யாராவது இளம் வயதில் திடீரென இறந்திருந்தாலும், நடக்கும்போது நெஞ்சில் இறுக்கமோ மயக்கமோ வந்திருந்தாலும், வயது இருபதாக இருந்தாலும் கேட்க வேண்டும். இன்சுலினோ சில வகை நீரிழிவு மாத்திரைகளோ எடுப்பவர்களுக்குப் பயிற்சியின்போது சர்க்கரை அளவு தாழ்ந்துவிட வாய்ப்புண்டு. அவர்கள் வெறும் வயிற்றில் போகாமல், கையில் சிறிது சர்க்கரையோ மிட்டாயோ வைத்துக்கொள்வது நல்லது.

பயிற்சிக் கூடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது கண்ணாடியையும் விளக்கையும் பார்க்காதீர்கள். நீங்கள் வழக்கமாகப் போகப்போகும் நேரத்தில் ஒருமுறை சென்று, காற்றோட்டம் எப்படி, பயிற்சியாளர் புதியவர்கள் பக்கத்தில் நிற்கிறாரா, கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருக்கிறாரா என்று கவனியுங்கள். உங்கள் நோய்களைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்காமல் பணம் வாங்கும் இடம் நல்ல இடமல்ல. முதலில் ஒரு மாதத்துக்கு மட்டும் கட்டுங்கள். வீட்டிலிருந்து தொலைவு குறைவாக இருப்பது எந்த இயந்திரத்தைவிடவும் பெரிய வசதி.

என்னென்ன பயிற்சிகள்

இயந்திரங்களின் கூட்டத்தைப் பார்த்து மலைக்க வேண்டியதில்லை. உடல் செய்யும் அசைவுகள் சிலவே. உட்கார்ந்து எழுதல், குனிந்து தூக்குதல், தள்ளுதல், இழுத்தல், சுமந்து நடத்தல். உட்கார்ந்து எழுவதற்கு ஸ்குவாட் அல்லது லெக் பிரஸ், குனிந்து தூக்குவதற்கு டெட்லிஃப்ட், தள்ளுவதற்குப் பெஞ்ச் பிரஸ் அல்லது தண்டால், இழுப்பதற்கு லாட் புல்டவுன் அல்லது ரோயிங், சுமப்பதற்கு இரு கைகளிலும் டம்பெல் பிடித்து நடத்தல். வாரத்தில் இரண்டு அல்லது மூன்று நாள், ஒவ்வொரு நாளும் இவை அனைத்தையும் செய்தால் தொடக்கக்காரருக்குப் போதுமானது. ‘திங்கள் மார்பு, செவ்வாய் முதுகு, புதன் புயம்’ என்று ஆறு நாளைப் பிரிப்பது பழகியவர்களுக்கு உரியது. ஒரு நாள் பயிற்சிக்கும் அடுத்த பயிற்சிக்கும் நடுவில் ஒரு நாளாவது இடைவெளி இருக்கட்டும். செட்டுகளுக்கு இடையில் இரண்டு நிமிடம் ஓய்வு எடுக்கலாம்.

நேரே பளுவைத் தொடக்கூடாது. ஐந்து நிமிட வேகநடை, அதன்பின் செய்யப்போகும் பயிற்சியையே மிகக் குறைந்த எடையில் ஒரு செட். உடலைச் சூடேற்ற இது போதும்.

பார்பெல் கம்பிக்கும் எடை உண்டு என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். போட்டிகளில் ஆண்களுக்கான கம்பி 20 கிலோ, பெண்களுக்கானது 15 கிலோ. உள்ளூர்க் கூடங்களில் கம்பியின் எடை மாறுபடலாம், கேட்டுக்கொள்ளுங்கள். புதியவர் தட்டு எதுவும் மாட்டாத வெறும் கம்பியோடு தொடங்குவதில் வெட்கம் ஒன்றுமில்லை. பெஞ்ச் பிரஸ் மட்டும் ஆள் துணையில்லாமல் செய்யவே கூடாது. கம்பி மார்பின் மேலோ கழுத்தின் மேலோ இறங்கிவிட்டால் தனியே எழுந்து வர முடியாது.

மூச்சும் முதுகும்

கிணற்றடியிலோ குழாயடியிலோ தண்ணீர்க் குடத்தைத் தூக்கியவர்களுக்கு டெட்லிஃப்ட்டை விளக்குவது எளிது. குடத்தை எட்ட நின்று முதுகை வளைத்துத் தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். குடத்தருகே போய், இடுப்பைப் பின்னுக்குத் தள்ளி, முழங்காலைச் சற்று மடக்கி, குடத்தை உடலோடு ஒட்டித் தூக்கினால் பாரம் தொடைக்கும் புட்டத்துக்கும் போய்விடும். டெட்லிஃப்ட் அதே அசைவுதான். கம்பி காலை ஒட்டியே மேலே வர வேண்டும், முதுகு பலகைபோல் நேராக இருக்க வேண்டும்.

ஸ்குவாட் செய்யும்போது பாதம் முழுவதும் தரையில் பதிந்திருக்க வேண்டும். குதிகால் எழும்பினால் எடையைக் குறையுங்கள். முழங்கால் உட்பக்கம் சாயாமல் கால்விரல் காட்டும் திசையிலேயே போக வேண்டும். முழங்கால் விரலைத் தாண்டி முன்னே வரவே கூடாது என்று சொல்வார்கள். நெட்டையான தொடை உள்ளவர்களுக்கு அது இயல்பாகவே சற்று முன்னே வரும், அதனால் கேடில்லை. தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து சாப்பிட்டு, கையூன்றாமல் எழுந்து பழகியவர்களுக்கு இந்த அசைவு விரைவில் கைவந்துவிடுகிறது. நாற்காலியிலேயே வளர்ந்த இன்றைய மாணவர்கள் முதலில் ஒரு பெட்டியிலோ முக்காலியிலோ உட்கார்ந்து எழுந்து பழகலாம்.

எடையைத் தூக்கும்போது மூச்சை வெளியே விட வேண்டும், இறக்கும்போது இழுக்க வேண்டும். மூச்சை அடக்கிக்கொண்டு முக்கினால் இரத்த அழுத்தம் அந்தச் சில நொடிகளில் மிக உயரமாக எழும்பும். பளு தூக்கும் வீரர்கள் பெரிய எடைக்காக வேண்டுமென்றே மூச்சை அடக்குவது உண்டு. இரத்த அழுத்தம் உள்ளவர்கள் அதைப் பார்த்துச் செய்யக்கூடாது.

வலி: எது இயல்பு, எது ஆபத்து

பயிற்சி செய்த மறுநாளும் அதற்கடுத்த நாளும் தசை வலிப்பது இயல்பு. பொதுவாக 24 முதல் 72 மணி நேரத்துக்குள் இது உச்சத்துக்குப் போய்த் தணியும். ‘லாக்டிக் அமிலம் தேங்கிவிட்டது’ என்று இதற்குக் காரணம் சொல்வது பழைய பிழை. அந்தப் பொருள் பயிற்சி முடிந்து ஓரிரு மணி நேரத்திலேயே இரத்தத்தில் பழைய அளவுக்கு வந்துவிடுகிறது. பழக்கமில்லாத பாரத்தால் தசையில் ஏற்படும் நுண்ணிய சிதைவும் அதைத் தொடரும் அழற்சியுமே வலிக்குக் காரணம். வலி அதிகமாக இருந்தால்தான் பயன் அதிகம் என்பதும் உண்மையல்ல. பழகப் பழக வலி குறையும், வளர்ச்சி நிற்காது.

மூட்டுக்குள் குத்தும் வலி, ஒரு பக்கம் மட்டும் வரும் கூர்மையான வலி, காலுக்கு மின்சாரம்போல் இறங்கும் இடுப்பு வலி ஆகியவை இயல்பானவையல்ல. அந்தப் பயிற்சியை அன்றே நிறுத்த வேண்டும். நெஞ்சில் அழுத்தம், இடது கை அல்லது தாடைக்குப் பரவும் வலி, காரணமில்லாத வியர்வை, மூச்சுத் திணறல் வந்தால் ‘வாயுப் பிடிப்பு’ என்று சோடா குடித்துக் காத்திருக்காமல் 108-ஐ அழைக்க வேண்டும்.

அதிகம் பேசப்படாத ஆபத்து ஒன்று உண்டு. தசை அளவுக்கு மீறிச் சிதைந்தால் அதிலுள்ள மயோகுளோபின் என்ற புரதம் இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைத் தாக்கும். மருத்துவத்தில் இதை ராப்டோமயோலிசிஸ் என்பார்கள். சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போகும், தசை வீங்கி விறைக்கும். நான் அறிந்த கல்லூரி மாணவர் ஒருவருக்கு, சேர்ந்த முதல் நாளிலேயே, உடன் வந்த நண்பரோடு போட்டி போட்டு நூற்றுக்கணக்கில் பஸ்கி எடுத்ததால் இது வந்தது. மூன்றாம் நாள் சிறுநீரின் நிறத்தைப் பார்த்துப் பயந்து, வீட்டில் சொன்னார். நல்லவேளையாகச் சொன்னார். மருத்துவமனையில் சில நாள் நரம்பு வழியாக நீர் ஏற்றியதில் சிறுநீரகம் தப்பியது. அளவுக்கு மீறிய தோப்புக்கரணத் தண்டனையாலும் இதே பாதிப்பு வந்ததை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். நானும் வகுப்பில் மாணவர்களைத் தோப்புக்கரணம் போடவைத்ததுண்டு. உடலுக்கு நல்ல ஓர் அசைவைத் தண்டனையாக்கிப் பிள்ளைகளை அதிலிருந்து விரட்டிய தவறில் எங்கள் தலைமுறை ஆசிரியர்களுக்குப் பங்கு உண்டு.

வெயில் காலத்தில் இந்த ஆபத்து கூடுதல். காற்றோட்டமில்லாத மாடி அறைகளில், ஏப்ரல், மே மாதங்களில், காலையிலோ இருட்டிய பின்னரோ பயிற்சி செய்வதும் இடையிடையே தண்ணீர் குடிப்பதும் நல்லது. உப்புப் போட்ட மோரும் ஏற்றதே.

இதயத்துக்கான பயிற்சி

எடைப் பயிற்சி மட்டும் போதாது. உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, வயது வந்தோர் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்போ, 75 முதல் 150 நிமிடம் கடுமையான உழைப்போ செய்ய வேண்டும். இத்துடன் வாரத்தில் இரண்டு நாளாவது பெரிய தசைகள் எல்லாவற்றுக்கும் வலிமைப் பயிற்சி வேண்டும். மிதமான உழைப்பு என்பதை அறிய இயந்திரம் தேவையில்லை. நடக்கும்போது பக்கத்தில் வருபவரோடு பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது. 220-இலிருந்து வயதைக் கழித்தால் அதிகபட்ச இதயத்துடிப்பு வரும் என்ற கணக்கு தோராயமானது. ஒருவருக்கொருவர் பத்துத் துடிப்புக்கு மேலும் வேறுபடும். சில இரத்த அழுத்த மாத்திரைகள் துடிப்பையே குறைத்துவிடுவதால், அவற்றை எடுப்பவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தவே பொருந்தாது.

வயிற்றுப் பயிற்சி செய்தால் வயிற்றுக் கொழுப்பு மட்டும் கரையும் என்பதும் நடக்காத ஒன்று. கொழுப்பு எங்கிருந்து முதலில் குறையும் என்பதை உடல்தான் தீர்மானிக்கிறது.

உணவு

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020-ஆம் ஆண்டுப் பரிந்துரை, உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் என்பதாகும். 60 கிலோ எடையுள்ளவருக்கு ஏறக்குறைய 50 கிராம். எடைப் பயிற்சி செய்பவர்களுக்குக் கிலோவுக்கு 1.2 முதல் 1.6 கிராம் வரை பொதுவாகச் சொல்லப்படுகிறது. அதாவது அதே நபருக்கு 72 முதல் 96 கிராம்.

இதில் நம் சாப்பாட்டின் சிக்கல் என்னவென்றால், தட்டில் சோறு மலையாகவும் பருப்பு அதன் மேல் சாரலாகவும் இருக்கும். ஓர் இட்லியில் 2 கிராம் அளவுக்குத்தான் புரதம் உண்டு. ஒரு முட்டையில் சுமார் 6 கிராம், ஒரு தம்ளர் பாலில் 6 முதல் 7 கிராம், ஒரு கைப்பிடி வேர்க்கடலையில் 7 கிராம் அளவு, சமைத்த கோழிக்கறி 100 கிராமில் 25 கிராமுக்கு மேல். உலர்ந்த சோயா உருண்டையில் எடையில் பாதி புரதம். காலையில் இட்லியோடு இரண்டு முட்டை, மாலையில் சுண்டல், இரவில் தயிர் என்று சேர்த்தாலே பெரும்பகுதி கிடைத்துவிடும். சிறுநீரக நோய் உள்ளவர்கள் மருத்துவர் சொல்லாமல் புரதத்தைக் கூட்டக்கூடாது.

புரதப் பொடி மருந்தல்ல, பாலிலிருந்தோ சோயாவிலிருந்தோ எடுத்த உணவு. வசதிக்காக எடுக்கலாம், இல்லாவிட்டாலும் குறையில்லை. டப்பாவில் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் இல்லாததையும், பில் இல்லாமல் விற்பதையும் வாங்காதீர்கள்.

ஊக்க மருந்துகள்

பயிற்சிக் கூடத்தின் மூலையில் மெல்லிய குரலில் ‘ஒரு ஊசி போட்டால் மூன்று மாதத்தில் உடம்பு ஏறிவிடும்’ என்று சொல்லப்படுவது பெரும்பாலும் அனபாலிக் ஸ்டீராய்டு. டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண்மை இயக்குநீரின் செயற்கை வடிவங்கள் இவை. உடம்பு ஏறுவது உண்மைதான், பொய்யென்று சொன்னால் இளைஞர்கள் நம்ப மாட்டார்கள். ஆனால் வெளியிலிருந்து இயக்குநீர் வருவதை உணர்ந்த மூளை, விதைகளுக்கு அனுப்பும் கட்டளையை நிறுத்திவிடுகிறது. விதைகள் சுருங்குகின்றன, விந்தணு உற்பத்தி குறைகிறது. மருந்தை நிறுத்திய பிறகும் பழைய நிலைக்கு வர மாதக்கணக்கில் ஆகும், சிலருக்கு அதற்கும் மேல். மருந்தின் ஒரு பகுதி பெண்மை இயக்குநீராக மாறுவதால் மார்பில் கட்டி வளர்கிறது. அதை நீக்க அறுவை சிகிச்சையே வழி. நல்ல கொழுப்பு குறைந்து கெட்ட கொழுப்பு கூடுகிறது, இதயச் சுவர் தடிக்கிறது. மாத்திரை வடிவம் கல்லீரலையும் கெடுக்கும். நிறுத்தும்போது வரும் மனச்சோர்வால் மறுபடியும் அதையே நாடுகிறார்கள்.

பதினெட்டு வயதுக்குள் இதைத் தொட்டால் எலும்பின் வளர்ச்சித் தட்டுகள் உரிய காலத்துக்கு முன்பே மூடிக்கொண்டு உயரம் நின்றுவிடும். இங்கே பெற்றோரிடம் ஒரு குழப்பம் இருக்கிறது. ‘எடை தூக்கினால் பிள்ளை வளர மாட்டான்’ என்று பயிற்சியைத் தடுப்பார்கள். பயிற்சியாளர் மேற்பார்வையில், ஒழுங்கான வடிவில், மிதமான எடையோடு செய்யும் பயிற்சி வளர்ச்சியைத் தடுப்பதற்குச் சான்று இல்லை. வளர்ச்சியைத் தடுப்பது ஊசியே. அதைப் பற்றிப் பெரும்பாலான வீடுகளில் பேச்சே எழுவதில்லை.

பெண்களும் முதியவர்களும்

எடை தூக்கினால் ஆண்போல் ஆகிவிடுவோம் என்ற பயம் பெண்களுக்குத் தேவையற்றது. அவர்கள் உடலில் டெஸ்டோஸ்டிரோன் மிகக் குறைவு. மாதவிடாய் நின்ற பிறகு எலும்பு வேகமாகத் தேய்வதால், பாரம் தாங்கும் பயிற்சி அவர்களுக்கு ஆண்களைவிட அவசியம்.

முதுமையில் தசை கரைவதற்கு இர்வின் ரோசன்பெர்க் என்ற அமெரிக்க மருத்துவர் 1989-இல் சார்கோபீனியா என்று பெயரிட்டார். கழிப்பறையிலிருந்து எழ முடியாமை, படியேறத் தயக்கம், தடுக்கினால் சமாளிக்க முடியாமல் விழுதல் ஆகியவை இதன் வெளித்தோற்றங்கள். 1990-இல் மரியா ஃபியாட்டரோனும் அவருடைய குழுவினரும் பாஸ்டன் நகர முதியோர் இல்லம் ஒன்றில் தொண்ணூறு வயதை ஒட்டிய பத்துப் பேருக்குத் தொடைத் தசைப் பயிற்சி கொடுத்தார்கள். எட்டு வாரத்தில் அவர்களது தொடை வலிமை சராசரியாக 174 விழுக்காடு கூடியது. வலிமை ஏறக்குறைய மூன்று மடங்கானது என்று பொருள். இல்லத்திலேயே முடங்கியிருந்த முதியவர்கள் அவர்கள். எழுபது வயதில் ‘இனிமேல் எதற்கு’ என்று சொல்பவர்களுக்கு இந்த எண்ணைக் காட்டலாம். 65 வயதைத் தாண்டியவர்கள் வாரத்தில் மூன்று நாள் சமநிலைப் பயிற்சியும் சேர்த்துக்கொள்ள வேண்டும். சுவரருகே நின்று ஒற்றைக் காலில் பத்து நொடி நிற்பது நல்ல தொடக்கம்.

இடைவெளி விட்டால்

தேர்வு, திருமணம், வெளியூர்ப் பயணம் என்று இரண்டு மூன்று வாரம் போக முடியாமல் போனால் பெரிய இழப்பு எதுவும் இல்லை. அதற்கு மேல் நின்றவர்கள் பழைய எடையில் பாதியிலிருந்து தொடங்க வேண்டும். ஒருமுறை வளர்ந்த தசை இரண்டாம் முறை விரைவாகவே திரும்பும். காய்ச்சல் இருக்கும்போது பயிற்சியே கூடாது. சில வைரஸ்கள் இதயத் தசையையும் தாக்கக்கூடும் என்பதால் அந்த நேரத்துக் கடும் உழைப்பு உயிருக்கே ஆபத்தாகலாம். காய்ச்சல் விட்டு, பசி எடுத்து, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்காத நிலை வந்த பிறகு, முதல் வாரம் நடை மட்டும், அடுத்த வாரம் வெறும் கம்பி.